ஏழாண்டு கத்தி படாத கொல்லை: ஆலங்குடி அருகே ஒரு கவாத்தின் பதிவு

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்கு அருகிலுள்ள என் பெரியப்பாவின் வீடு 2014-இல் பூட்டப்பட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, கடைசிவரை இந்த வீட்டில்தான் இருப்பேன் என்று பிடிவாதமாக இருந்த பெரியம்மாவும் மூட்டுவலியால் மகள் வீட்டுக்குச் சென்றபின், கொல்லையில் நின்ற நான்கு பழமரங்களைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. 2021 ஆகஸ்டில் வீட்டைப் பழுதுபார்ப்பதற்காகத் திறந்தபோது, மரங்களை வெட்டி விற்றுவிட்டுப் புதிய கன்றுகளை வைக்கலாம் என்பதே குடும்பத்தில் பெரும்பாலோரின் எண்ணமாக இருந்தது. மூன்று ஆண்டு அவகாசம் கேட்டு அதைத் தள்ளிவைத்தவன் நான். அந்த மூன்று ஆண்டுகளில் எந்த மரத்தில் என்ன செய்தோம், எது பலித்தது, எங்கே நான் தவறினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கொல்லையில் இருந்தவை ஒரு நீலம் ஒட்டு மா, ஒரு லக்னோ 49 கொய்யா, ஒரு சப்போட்டா, ஓர் எலுமிச்சை. மாமரத்துக்கு வயது ஏறக்குறைய முப்பத்தைந்து. மற்றவை அதைவிட இளையவை. மண், அந்தப் பகுதிக்கே உரிய செம்பொறை கலந்த செம்மண். தண்ணீர் தேங்காது, கோடையில் அடிமண் கல்லாக இறுகிவிடும்.

மாமரம் நாற்பது அடிக்கு மேல் உயர்ந்திருந்தது. தூரிலிருந்து ஆறடி உயரத்தில் உயிருள்ள ஆறு பெருங்கிளைகள் பிரிந்தன. நடுவில் இருந்த இரண்டு கிளைகள் வெளிச்சத்தைத் தேடிச் செங்குத்தாக ஓடி மற்றவற்றுக்குக் குடை பிடித்துவிட்டன. மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் உட்புறம் முழுவதும் காய்ந்த மிலார்கள்தான் (மெல்லிய குச்சிகள்). இலைகள் உச்சியில் மட்டும் ஒரு கூரை போலப் பரவியிருந்தன. நிழலுக்குள் அகப்பட்ட இலை, தான் செலவழிக்கும் அளவுக்குக்கூட உணவு செய்ய முடியாமல் உதிர்ந்துவிடும். இலை உதிர்ந்த மிலார் பின்னர் காய்ந்துவிடும். இது நோயன்று; நெருக்கத்தின் விளைவு. காய்ப்பும் உச்சிக்கே போய்விட்டதால் பழங்கள் அணிலுக்கும் வௌவாலுக்கும் போக மீதி தரையில் விழுந்து வெடித்தன.

இதோடு இரண்டு பழைய கேடுகளும் இருந்தன. 2018 நவம்பர் 16 அன்று, ஐப்பசி முடியும் தறுவாயில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னையையும் மாவையும் பலாவையும் சாய்த்த இரவில், இந்த மரம் சாயவில்லை. ஆனால் வடக்குப் பக்கத்துப் பெருங்கிளை ஒன்று பாதியில் முறிந்து, பட்டையோடு கிழிந்து தொங்கியிருக்கிறது. அதை யாரோ அரிவாளால் கொத்தி எடுத்துவிட்டு, இரண்டடி நீளத்துக்கு மொண்ணைக் கட்டையை விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தக் கட்டை உளுத்து, கைவிரலை நுழைக்கும் அளவுக்குப் பொந்தாகியிருந்தது. மற்றொரு கேடு புல்லுருவி. ஐந்து இடங்களில் அது கொத்துக்கொத்தாகத் தழைத்திருந்தது. இதன் பழத்தைத் தின்னும் பூக்கொத்திக் குருவி, பசை ஒட்டிய விதையை வேறொரு கிளையில் தேய்த்துவிட்டுப் போகிறது. முளைத்த விதை மாவின் மரத்திசுவுக்குள் வேரைச் செலுத்தித் தண்ணீரையும் தாதுக்களையும் உறிஞ்சுகிறது. இலை பச்சையாக இருப்பதால் வீட்டில் இருந்தவர்களுக்கு அது வேற்றுச் செடி என்றே தெரிந்திருக்கவில்லை. பெரியம்மா அதை "அந்தக் கொப்பு மட்டும் நல்லாத் தழைச்சிருக்கு" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்.

வெட்டுவதற்கு வந்த முதியவர் நாற்பது ஆண்டுகளாக மரம் ஏறுகிறவர். அவருடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. அவர் மரத்தை ஒருமுறை சுற்றிவந்துவிட்டு, "தம்பி, எல்லாக் கொப்பையும் ஆளுயரத்துக்கு மேல ஒரே வெட்டா வெட்டி மொட்டையடிச்சிடுவோம். கூலி வேணாம், விறகை நான் எடுத்துக்கிறேன்" என்றார். வேம்பும் பூவரசும் அப்படித்தான் துளிர்க்கின்றன என்பது அவருடைய வாதம், அது பொய்யுமன்று. மாமரமும் துளிர்க்கும். லக்னோவிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம், காய்ப்புக் குறைந்த முதிய மாந்தோப்புகளுக்குப் பரிந்துரைத்த புத்துயிர்க் கவாத்து (கிளைவெட்டு) முறையும் கிளைகளைத் தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் ஒருசேர வெட்டுவதுதான். ஆனால் அந்த முறையில் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் மகசூலைக் கைவிட வேண்டும். வெட்டிய கட்டைகளைச் சுண்ணாம்பும் செம்பு மருந்தும் பூசிக் காக்க வேண்டும். வெடித்து வரும் நூற்றுக்கணக்கான போத்துகளை (புதுத் துளிர்களை) மாதந்தோறும் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆளிருக்கும் தோப்பில் இது நடக்கும். மாதம் ஒருமுறை பேருந்து ஏறிவரும் என்னைப் போன்றவன் கையில் இருக்கும் ஒற்றை மரத்துக்கு இது பொருந்தாது என்று கருதினேன். முதியவருக்குக் கூலியும் விறகும் சேர்த்துக் கொடுப்பதாகப் பேசி முடித்தேன். விறகுக்கு மட்டும் வெட்டுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கனத்த கிளையின்மேல்தான் அவர் கண் போகும். அது அவர் குற்றமன்று, பேச்சுவார்த்தையின் குற்றம்.

எந்த மரத்தையும் தொடுவதற்கு முன் அது எந்தக் கிளையில் பூக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கொல்லையில் நான் கடைப்பிடித்த ஒரே விதி. மாவில் பூங்கொத்து, முற்றிய தளிர்க்கிளையின் நுனியில் வருகிறது. ஆடி, ஆவணியில் விடும் கொழுந்து, மழைக்காலத்தில் முற்றி, மார்கழிக் குளிர் படும்போது மொட்டாக மாறுகிறது; அந்தக் கொழுந்து நான்கைந்து மாதமேனும் மூத்திருக்க வேண்டும். கொய்யாவோ அப்போதுதான் விட்ட புதுக் கிளையின் இலைக்கக்கத்திலேயே பூத்துவிடும். ஆகையால் ஒரே நாளில் இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டினால், கொய்யா அடுத்த பருவத்திலேயே காய்க்கும். மா வெறும் இலையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

வெட்டும் காலத்தையும் இதுவே முடிவு செய்தது. வடநாட்டுக் குறிப்புகளில் மாமரக் கவாத்துக்கு டிசம்பர் மாதம் சொல்லப்படுகிறது. அங்கே மா பூப்பது பிப்ரவரி, மார்ச்சில். பழம் ஜூன், ஜூலையில். நம் பக்கத்தில் தை பிறக்கும் முன்பே மரம் பூவெடுக்கத் தொடங்கிவிடும் என்பதால், அந்த நாட்காட்டியை அப்படியே எடுத்துக்கொண்டால் பூ வரும் நுனிகளையே வெட்டி எறிவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்டு, செப்டம்பரில் உட்கிளைகளைக் கவாத்து செய்யச் சொல்கிறது. அறுவடை முடிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது, வெட்டுவாய் காய்வதற்குச் சில வாரங்கள் கிடைக்கும். நாங்கள் 2021 செப்டம்பர் முதல் வாரத்தில், ஆவணியிலேயே தொடங்கினோம்.

முதல் ஆண்டில் உயிருள்ள பெருங்கிளை ஒன்றே ஒன்றைத்தான் மாவிலிருந்து எடுத்தோம். மற்ற வேலையெல்லாம் காய்ந்தவற்றைக் களைவதும், புல்லுருவியை அது ஒட்டியிருந்த இடத்துக்கு ஒரு முழம் கீழே வைத்துக் கிளையோடு வெட்டுவதும், ஒன்றையொன்று உரசிய கொப்புகளில் மெலிந்ததை எடுப்பதுமாகவே இருந்தது. இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் பாதி நேரம் முசுறு எறும்புக் கூடுகளோடு போராடுவதில் போயிற்று. இலைகளைப் பின்னிக் கட்டிய கூடு அசைந்த மறுகணம் அவை முதியவரின் கழுத்தில் இருந்தன. நடுவில் செங்குத்தாக நின்ற இரண்டில் உயரமான கிளையை இறக்கியதும், முப்பது ஆண்டுகளாக வெயில் படாத தூரில் வெளிச்சம் விழுந்தது.

கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கினால், அது முறிந்து விழும்போது தாய்மரத்தின் பட்டையை வாழைநார் உரிவது போல உரித்துக்கொண்டு போகும். கஜா செய்ததும் இதைத்தான். எனவே அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கிளையின் கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் அறுத்து, அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்கிய பிறகு, எஞ்சிய கட்டையைக் கடைசியாக எடுத்தோம். அந்தக் கடைசி வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு வீக்கம் தெரியும். மேற்புறத்தில் பட்டை மடிந்து கோடு போட்டிருக்கும். அந்த வீக்கத்தைத் தொடாமல், அதையொட்டி வெளியே அறுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இது: மரத்துக்கு நம் தோல்போலக் காயம் ஆறுவதில்லை, கேடு பரவாமல் அது உள்ளே சுவரெழுப்பி அடைக்கிறது, அந்தச் சுவருக்கான திறன் அந்த வீக்கத்தில்தான் இருக்கிறது. தூரோடு ஒட்ட வழித்து வெட்டினால் அந்தத் திறன் போய்விடும். கட்டையாக நீட்டி விட்டால் அது உளுத்து, உளுப்பு உள்ளே இறங்கும். வடக்குப் பக்கத்துக் கஜா கட்டையை அந்த வீக்கம் வரை திரும்ப அறுத்தெடுத்தோம், உட்பொந்தைத் தோண்டவில்லை. சிமெண்டு வைத்துப் பூசலாம் என்று கொத்தனார் சொன்னதையும் ஏற்கவில்லை. பொந்தைச் சுரண்டினால் மரம் கட்டிய சுவரையே நாம் இடிப்பதாகும்; சிமெண்டு ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும்.

வெட்டுவாயில் என்ன பூசுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஊரில் சாணியும் தாரும் பூசுவார்கள். எந்தப் பூச்சும் உளுப்பைத் தடுத்து நிறுத்துவதில்லை என்பது ஷைகோவின் முடிவு. ஆனால் எங்கள் வெட்டுக்கும் பருவமழைக்கும் இடையே ஆறேழு வாரம்தான் இருந்தது; மாவில் நுனிக்கருகலை உண்டாக்கும் பூசணம் நனைந்த வெட்டுவாய் வழியாகத்தான் நுழைகிறது. அதனால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெட்டுகளுக்கு மட்டும் போர்டோ பசை பூசினோம். நூறு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரில் பிளாஸ்டிக் வாளியிலும், நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரில் மண்சட்டியிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் நனைத்து எடுத்தால் அதில் செந்நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கலந்த அன்றே பூசி முடிக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்கான காவல் என்பதற்கு மேல் இதனிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

உரத்தில் அவசரம் காட்டவில்லை. காய்க்கும் மாவுக்கு ஆண்டுக்கு ஐம்பது கிலோ தொழுவுரமும், ஒரு கிலோ தழைச்சத்தும், ஒரு கிலோ மணிச்சத்தும், ஒன்றரைக் கிலோ சாம்பல்சத்தும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. முதல் ஆண்டு தொழுவுரத்தை மட்டும், தூரை ஒட்டிப் போடாமல், இலைக்கூரையின் விளிம்புக்கு நேர்கீழே வட்டமாகப் பாத்தி எடுத்து இட்டோம். கிளையை வெட்டிய மரத்தில் வேர் குறைவதில்லை. பழைய வேர் ஏற்றும் அத்தனையும் மிஞ்சிய மொட்டுகளுக்குப் போவதால் போத்துகள் தாமாகவே பொங்கும். அதன்மேல் யூரியாவையும் கொட்டுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்ப்பதுதான்.

2022 கோடையில் மா உச்சியில் வழக்கம்போல் காய்த்தது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, நடுவே வெளிச்சம் விழுந்த பெருங்கிளைகளின் உடம்பில் பத்துப் பன்னிரண்டடி உயரத்தில் விட்டிருந்த புதுக் கொழுந்துகள். கீழே இறக்குவதற்கு மரமே இடம் காட்டிவிட்டது. அந்தக் கொழுந்துகளில் வெளிநோக்கிப் போனவற்றைக் கிளைக்கு நான்கைந்தாக விட்டுவைத்து, மற்றவற்றை இளசாக இருக்கும்போதே கையால் கிள்ளினோம்.

இரண்டாம் ஆண்டில் நான் பேராசைப்பட்டேன். 2022 செப்டம்பரில் ஒரு கிளையை மட்டும் பன்னிரண்டடி உயரத்துக்கு வெட்டி இறக்குவது என்று திட்டம். தெற்கும் மேற்கும் இருந்த இரண்டு கிளைகளை ஒன்றாக இறக்கிவிட்டேன். முதலாண்டு வேலை நன்றாக அமைந்த துணிச்சலும், முதியவர் அன்று ஏணியோடு மரத்தின்மேல் இருக்கிறாரே, இன்னொரு கூலி எதற்கு என்ற சிக்கனமும்தான் காரணம். மழைக்காலம் வரை எதுவும் தெரியவில்லை. 2023 மார்ச்சில் வந்து பார்த்தபோது, முன்பு இந்த இரு கிளைகளின் நிழலிலேயே இருந்த தூரின் தென்மேற்குப் பட்டை, பிற்பகல் வெயில் நேராக அடித்ததில் இரண்டு கை நீளத்துக்கு வெடித்திருந்தது. ஏப்ரலில் அந்த வெடிப்புக்குக் கீழே மரத்தூளும் சக்கையும் குவிந்திருந்தன. தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடுவது பட்டையின் வெடிப்புகளில்தான். அதற்கு நானே வாசலைத் திறந்துவைத்திருந்தேன்.

துளையைக் கத்திமுனையால் சற்று அகலப்படுத்தி, நுனி வளைத்த சைக்கிள் கம்பியை விட்டுத் துழாவி, இரண்டு புழுக்களை வெளியே இழுத்தோம். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளைக்குள் திணித்துக் களிமண்ணால் அடைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை தூரைப் பார்த்துத் தூள் விழுந்தால் சொல்வதாக ஒப்புக்கொண்டார். மே மாதத்தில் ஒருமுறை சொன்னார். மூன்றாவது புழுவும் வெளியே வந்தது. தூரிலும் வெட்டிய கிளைகளிலும் வெயில் படும் பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது. சுண்ணாம்பு வாளி வீட்டுச் சுவர் வேலைக்காகத் திண்ணையிலேயே இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மூன்றாம் ஆண்டில், 2023 செப்டம்பரில், வடமேற்குக் கிளை ஒன்றை மட்டும் இறக்கினோம். அன்று மாலையே சுண்ணாம்பும் அடித்தோம்.

கொய்யாவில் இத்தனை தயக்கம் தேவைப்படவில்லை. உள்ளே குச்சிக்காடாகி, மாவுப்பூச்சி அடைந்து, எலுமிச்சங்காய் அளவுக்குமேல் பழம் பெருக்காத மரம் அது. ஆனால் தண்டு நலமாக இருந்தது. முதிர்ந்து காய்ப்பற்றுப்போன, ஆனால் நோயில்லாத கொய்யாவைத் தரையிலிருந்து 75 சென்டிமீட்டரில் வெட்டிவிடலாம் என்ற பரிந்துரையை அப்படியே செய்தோம். முதியவரின் மொட்டையடிப்பு இங்கே சரி. மூன்று வாரத்தில் கட்டையைச் சுற்றி நாற்பதுக்கு மேல் துளிர்கள் வந்தன. திசைக்கொன்றாக ஆறை மட்டும் விட்டோம். அவை இடுப்புயரம் தாண்டியபோது கயிறு கட்டி, தரையில் அடித்த முளைகளோடு சேர்த்து வளைத்தோம். நிமிர்ந்து நிற்கும் கிளையில் நுனிமொட்டுதான் ஓடும். வளைத்தால் முதுகில் உள்ள மொட்டுகளெல்லாம் விழிக்கும். 2022 செப்டம்பரில் கைக்கெட்டும் உயரத்தில் பழம் பறித்தோம். பழ ஈயின் தொல்லை மட்டும் மழைக்காலக் காய்ப்பில் இன்றும் உண்டு.

சப்போட்டாவில் வெட்ட வேண்டியது சப்போட்டாவே அன்று. இதை எங்கள் பக்கத்தில் பாலை மரத்தின் கன்றில் ஒட்டுக் கட்டுவது வழக்கம். ஆளில்லாத ஆண்டுகளில் ஒட்டுக்குக் கீழிருந்த பாலை துளிர்த்து, மூன்று தண்டுகளாக எழுந்து, மேலே இருந்த சப்போட்டாவை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. இலையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: பாலையின் இலை சிறியது, தடித்தது, நுனி கூராக முடியாமல் உள்வாங்கியிருக்கும். வீட்டார் அதை இரட்டை மரம் என்று நினைத்திருந்தார்கள். மூன்று தண்டுகளையும் பிறந்த இடம்வரை மண்ணை விலக்கி அறுத்தோம். பாலை வைரம் பாய்ந்த கட்டை என்பதால் ரம்பத்தின் பல் இரண்டுமுறை மழுங்கியது. ஆனி மாதத்தில் அந்த மஞ்சள் பாலைப்பழத்தைப் பொறுக்கித் தின்றுவந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னோடு சில நாள் பேசவில்லை. ஊர்க் கோயில்காட்டில் பாலை இன்னும் நிற்கிறது என்பதால் மனச்சாட்சி பெரிதாக உறுத்தவில்லை. சப்போட்டாவின் சொந்தக் கிளைகளில் காய்ந்தவற்றையும் தரையைத் தொட்டவற்றையும் தவிர எதையும் எடுக்கவில்லை. மெதுவாக வளரும் மரம் அது, வெட்டினால் திரும்பி வர ஆண்டுகள் ஆகும்.

எலுமிச்சையைக் காப்பாற்ற முடியவில்லை. காய்ந்த முள்மிலார்களையும் சொறிநோய் கண்ட கொப்புகளையும் வறண்ட நாளில் வெட்டி எரித்தோம். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தோம். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் தூரில் கோந்து வடிந்துகொண்டிருந்ததை நான் இரண்டாம் வருகையில்தான் கவனித்தேன். வீடு பழுதுபார்க்கும் வேலைக்காகக் குளியலறைத் தண்ணீரைத் தற்காலிகமாகத் திருப்பிவிட்ட வாய்க்கால், நேராக அதன் காலடியில் முடிந்திருந்தது. வேர்ப்பட்டை அழுகிய மரத்தின் கிளையை எவ்வளவு ஒழுங்காக வெட்டினாலும் பயனில்லை. 2022 மழையில் அது பட்டுப்போயிற்று. அந்தக் குழியில் இன்னும் எதையும் நடவில்லை. வாய்க்காலை மட்டும் தென்னைக்குத் திருப்பியிருக்கிறோம்.

2024 மே மாதக் கடைசியில் நீலம் பறித்தபோது, இறக்கிய தென்கிளையில் விட்டுவைத்த கொழுந்துகளில் பாதிக்குமேல் பூத்துக் காய்த்திருந்தன. ஏணியில் நான்கு படி ஏறினாலே பழம் கைக்கு எட்டியது. பெரியம்மாவை அழைத்துவந்து கீழே நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். அவர் பழத்தைவிட, தழைச்சிருந்த அந்தக் கொப்பு எங்கே என்றுதான் தேடினார். தூரின் வெடிப்பில் இரு விளிம்பிலிருந்தும் புதுப்பட்டை ஒரு விரலகலம் உள்ளே வந்திருக்கிறது. நடுவில் இன்னும் நான்கு விரல் திறந்தே கிடக்கிறது. கிழக்குக் கிளையும் நடுவில் எஞ்சிய செங்குத்துக் கிளையும் முழு உயரத்தில் நிற்கின்றன. நடுக்கிளையை எடுத்தால் அந்த வெடிப்பின்மேல் உச்சிவெயில் விழும் என்பதால், வரும் ஆவணியில் கிழக்குக் கிளையை மட்டும் இறக்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.